மென்மைக்கு ஐந்து வோல்ட்டு

கோடைக்கானல் மக்களுக்குக் கிதார் புதிய கருவியன்று. மதுரைப் பகுதியில் பணிபுரிந்த அமெரிக்க மறைபரப்பாளர்கள் 1845ஆம் ஆண்டில் இம்மலையில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மறைபரப்பாளர்களின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கப்பெற்ற பள்ளி, இன்று கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்து நிற்கின்றது. பல நாட்டவர் வந்துபோன ஊரில் அவர்களுடைய இசைக்கருவிகளும் வந்தன. சில இங்கேயே தங்கிவிட்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) திருப்பலி தாய்மொழிக்கு மாறியபோது, ஆலயங்களில் ஆர்மோனியத்தின் அருகே கிதாரும் மெல்ல இடம்பிடித்தது.

நான் ரேடியோ பழுதுபார்ப்பவன். வால்வு ரேடியோக்களின் காலத்தில் தொழில் கற்றவன். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் செய்த வால்வுகளை எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். டிரான்சிஸ்டர் வந்து வால்வை ஏறக்குறைய எல்லா இடங்களிலிருந்தும் விரட்டிவிட்டது. ஆயினும் கிதார் வாசிப்போர் அதனைக் கைவிடவில்லை. அளவுக்கு மீறி ஒலியைச் செலுத்தும்போது வால்வு கொடுக்கும் கரகரப்பு அவர்கள் செவிக்கு இனிமையாக இருக்கின்றது.

ஓர் ஆகஸ்டு மாதம், சலேத் மாதா திருவிழாவுக்குச் சில நாள்களே இருந்தபோது, பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் தன் தாயோடு வந்தான். இருவருமாகச் சுமந்து வந்தது ஒரு வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயர். ஊரைவிட்டுப் போன வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர், தம் வீட்டைக் காவல்காத்த அந்த இளைஞனின் தந்தைக்குக் கொடுத்துச் சென்றது. தந்தை அதை வைத்துப் பல ஆண்டுகள் ஆலயத்தில் வாசித்தார். அவர் இறந்த பின் அது ஒரே குரலில் நின்றுவிட்டது. கீழே சமவெளியில் ஒரு கடையில் காட்டியதற்கு, வால்வுகள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, அவர்களால் எண்ணிப்பார்க்கவும் இயலாத ஒரு தொகையைக் கேட்டார்களாம்.

“சத்தம் வருது அண்ணே. ஆனா அவரு வாசிச்ச சத்தம் இது இல்லை” என்றார் அந்தத் தாய்.

அவர் சொன்னது துல்லியமான நோய்க்குறி. இத்தகைய கருவியில் இரண்டு தடங்கள் உண்டு. சேனல் என்பார்கள். ஒன்றில் ஒலி ஓரிரு வால்வுக் கட்டங்களை மட்டும் கடந்து தெளிவாக, மென்மையாக வரும். மற்றொன்றில் மேலும் சில கட்டங்களைக் கடந்து கரகரப்பாகச் சீறிவரும். 1960களின் அமெரிக்கக் கருவிகளில் இரண்டு சேனல்கள் இருந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கிதாரின் கம்பியைப் பிடுங்கி வேறு துளையில் செருக வேண்டும். பாட்டின் நடுவே காலால் ஒரு சுவிட்சை மிதித்து மாற்றும் வசதி 1970களின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது. மிதிக்கும் சுவிட்சு பெரும்பாலும் ஒலியைத் தொடுவதில்லை. உள்ளே ரிலே என்னும் சிறு மின்காந்தச் சுவிட்சுக்கு ஆணையிடுகின்றது. ரிலேதான் தடத்தை மாற்றுகின்றது.

எனவே தேடலை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். முதலில் கால் சுவிட்சைக் கழற்றிவிட்டு, முகப்பிலுள்ள சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். மாற்றம் இல்லை. ஆகவே குறை கால் சுவிட்சிலோ அதன் கம்பியிலோ மட்டும் இல்லை. அடுத்து, அறையை அமைதியாக்கிக் காதை அருகில் வைத்தேன். ரிலே வேலைசெய்தால் ‘டிக்’ என்று கேட்கும். அந்த ஒலி கேட்டும் குரல் மாறவில்லையெனில் அதன் தொடுமுனைகளையோ மென்மைத் தடத்தையோ ஐயுற வேண்டும். நம் மலையின் மூடுபனியில் தொடுமுனைகள் விரைவில் களிம்பேறும். ‘டிக்’ ஒலியே இல்லையெனில், ரிலேக்கு மின்சாரம் போகின்றதா என்று பார்க்க வேண்டும். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இனிக் கருவியைத் திறந்தாக வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்ப்ளிஃபயரினுள் 400 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். தகுந்த ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, வடிந்துவிட்டதை மீட்டரால் உறுதிசெய்த பின்பே கை வைக்க வேண்டும். பழகாதவர் திறக்கவே கூடாது. ஸ்பீக்கரை இணைக்காமல் கருவியை இயக்குவதும் ஆகாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

வால்வுகளின் இழைகள் ஒழுங்காகவே செந்நிறமாய் ஒளிர்ந்தன. அந்த இழைகளுக்குச் செல்லும் 6.3 வோல்ட்டு மாறுமின்சாரத்திலிருந்தே ரிலேக்கான நேர்மின்சாரமும் எடுக்கப்பட்டிருந்தது. டயோடுகள் அதை நேராக்க, ஒரு கண்டென்சர் அதைச் சமன்படுத்த வேண்டும். ரிலேக்குத் தேவை 5 வோல்ட்டு. மீட்டர் காட்டியது 3 வோல்ட்டுக்கும் குறைவு. பெரிய வால்வுகளின் வெப்பத்துக்கு அருகில் பல்லாண்டு இருந்த அந்தக் கண்டென்சர் உள்ளே உலர்ந்துபோயிருந்தது. சில ரூபாய்ப் பொருள். மாற்றியதும் ‘டிக்’ ஒலி எழுந்தது; ஆனால் மென்குரல் விட்டுவிட்டு வந்தது. காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வோர் இணைப்பாக மெல்லத் தட்டினேன். ரிலேயின் கால் ஒன்றைச் சுற்றி ஈயப்பற்றில் மயிரிழை விரிசல். ஸ்பீக்கரின் அதிர்வும் சூடும் சேர்ந்து செய்த வேலை. புதிதாகப் பற்றவைத்தேன். ஒரு வால்வைக்கூட மாற்றவில்லை.

அந்த இளைஞன் தந்தையின் கிதாரை இணைத்து, திருவிருந்து நேரத்தில் அவர் வாசிக்கும் மெட்டை வாசித்தான். தாய் எதுவும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் சிந்தையில் நிலைத்தது வேறொன்று. அந்தக் கருவியின் அமைப்பில், ரிலேக்கு மின்சாரம் கிடைக்காதபோது தடம் தானாகவே கரகரப்பின் பக்கம் விழுந்துவிடும். மென்மைக்குத் திரும்ப ஐந்து வோல்ட்டு வேண்டும். வால்வுகளை இயக்கும் நானூறு வோல்ட்டு இருந்தும் பயனில்லை. இந்த ஐந்துதான் வேண்டும்.

நம் இல்லங்களிலும் இவ்வாறே நிகழக் காண்கிறோம். நாளெல்லாம் உழைத்துக் களைத்து வருகின்ற ஒருவர், வாசலில் கால் வைத்ததும் கடுமொழியில் நின்றுவிடுகிறார். அவர் உள்ளமே கெட்டுவிட்டது என்று நாம் தீர்ப்பிடுகிறோம். உழைக்கும் ஆற்றலும் குடும்பத்தைத் தாங்கும் ஆற்றலும் அவரிடம் குறைவின்றி இருக்கின்றன. குறைந்திருப்பது, குரலைத் திருப்பும் அந்தச் சிறிய ஆற்றல்: சற்று ஓய்வு, ஒரு குவளைத் தேநீர், “சாப்பிட்டீர்களா?” என்னும் ஒரு கேள்வி, ஐந்து மணித்துளி அமைதியான செபம். இவற்றைக் கொடுத்துப் பார்க்காமலேயே, வால்வுகளை எல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம்.

கடுமையான குரலும் தேவைதான். அதற்குரிய பாடல்களும் உண்டு. ஆனால் திரும்பிவர வழி திறந்திருக்க வேண்டும். ஒருவரைப் பழுதானவர் என்று ஒதுக்கும் முன், அருகே சென்று காது கொடுத்துக் கேட்போம். மூங்கில் குச்சியால் தட்டுவதைப் போல மெல்லத் தட்டிப் பார்ப்போம். விரிசல் பல வேளைகளில் மயிரிழை அளவே இருக்கும்.