பருப்பு வெந்த தண்ணீர்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கிணறுகளில் நீர் மாதிரி எடுக்கப் பழக வரும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது, கருவிப் பெட்டியை உடனே திறக்காதீர்கள் என்பதுதான். கிணற்றுக்காரர் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்: "இந்தத் தண்ணியில பருப்பு வேகுமாம்மா?" அடுத்துக் கேட்க வேண்டியது அதைவிட முக்கியம்: "எந்த வருஷம் வரைக்கும் வெந்துச்சு?"

பதில் ஆண்டுக் கணக்கில் வராது. "பெரியவளுக்குக் காது குத்துனப்போ இந்தத் தண்ணியிலதான் சார் ஊருக்கே சாம்பார் வெச்சோம். சின்னவன் பள்ளிக்கூடம் போறப்போ பருப்பு வேகாம நின்னுச்சு. சோப்பு நுரை கட்டல" என்பார்கள். பெரியவளுக்கு இப்போது என்ன வயது, சின்னவன் எந்த வகுப்பு என்று விசாரித்து, ஆண்டைக் கணக்கிட்டு எழுதிக்கொள்வது நம் வேலை.

பருப்பு வேகாததற்கும் இந்தப் பக்கத்துத் தோல் தொழிலுக்கும் நேரான தொடர்பு உண்டு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வருகிறது. ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்குகிறது. முடியை நீக்கச் சுண்ணாம்பு சேர்கிறது. மண்ணுக்குள் போன உப்பின் சோடியம், மண் துகள்களில் ஒட்டியிருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்கிறது. தள்ளப்பட்ட கால்சியம் நீரோடு கிணற்றுக்கு வந்து அதைக் கடினமாக்குகிறது. பருப்பை வேகவிடாதது அதுதான். அடுப்படியில் நடந்த அந்தச் சோதனை கடினத்தன்மையைச் சரியாகவே காட்டியிருக்கிறது. ஆய்வகத்தில் நாம் அதற்கு ஒரு எண் தருகிறோம், அவ்வளவுதான்.

இதை ஊர்க்கதை என்று குறிப்பேட்டில் ஓரமாக எழுதிவிட்டுப் போகிறவர்கள், மாசு என்பதைச் சட்டம் எப்படி வரையறுத்திருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் அந்த வரையறையில் ஒரு எண்ணைக்கூடச் சொல்லவில்லை. நீரின் இயற்பியல், வேதியியல், உயிரியல் தன்மைகளில் ஏற்படும் மாற்றத்தைப் பேசுகிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ கலக்கும் திரவம், வாயு, திடப்பொருளைப் பேசுகிறது. அதனால் மனிதருக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் வீட்டுப் பயன்பாட்டுக்கும் தீங்கு வந்தாலும், வரக்கூடும் என்றாலும் அது மாசு. இந்த வரையறையை எழுதியவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. 'மாற்றம்', 'வரக்கூடும்' என்ற இரண்டும் இல்லையென்றால் நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்தால் பயனே இருந்திருக்காது. மாற்றம் என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பருப்பு வெந்த ஆண்டு அங்கேதான் தேவைப்படுகிறது.

அதே சட்டம் நீரோடை என்பதை வரையறுத்த விதம் இந்தப் பக்கத்துப் பாலாற்றைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கும். ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, தற்போதைக்கு வறண்டிருந்தாலும் சரி, நீர்வழி நீர்வழிதான். நிலத்தடி நீரும் அந்தப் பெயருக்குள் அடங்கும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கும் ஆறு பாலாறு. அதன் நீர் மணலுக்கு அடியில் நடக்கிறது. ஈஸ்மெண்ட் சட்டம் என்று வழக்கறிஞர்கள் சொல்லும் 1882-ஆம் ஆண்டுச் சட்டம், வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளும் உரிமையை நிலத்துக்காரருக்குக் கொடுத்தது. அந்தப் பார்வையில் கிணற்று நீர் அவரவர் சொத்து. 1974-ஆம் ஆண்டுச் சட்டமோ மாசு விஷயத்தில் அதை ஆற்றோடு சேர்த்து வைத்தது. 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இன்னொரு முக்கியமான சேர்க்கை வந்தது: ஓடையிலும் கிணற்றிலும் சாக்கடையிலும் மட்டுமல்ல, நிலத்தில் கழிவை விடுவதும் தடைக்குள் வந்தது. நிலத்தடி நீருக்கான வாசல் நிலம்தான். ஆற்றில் ஒரு சொட்டும் விடாமல், தரிசில் குட்டை வெட்டி நிரப்பியே ஒரு ஊரின் ஊற்றுக்கண்கள் அத்தனையையும் கெடுத்துவிட முடியும்.

அதிகாரிகளும் ஆலைக்காரர்களும் சில வேளை செய்தியாளர்களும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 'அளவுக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது' என்பார்கள். எந்த அளவு? வெளியேற்றும் கழிவுநீருக்கு டி.டி.எஸ். (நீரில் கரைந்த திடப்பொருளின் மொத்த அளவு) லிட்டருக்கு 2100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதிக்கிறது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு 500. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 2000 வரை. குரோமியத்தில் இடைவெளி இன்னும் பெரிது. கழிவுநீரில் மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம் வரை இருக்கலாம், குடிநீரில் 0.05-தான். 40 மடங்கு. ஒன்று குழாய் முனையில் அளக்க வேண்டியது, மற்றொன்று குடத்தில் அளக்க வேண்டியது. 600 டி.டி.எஸ். இருந்த கிணறு, பக்கத்து நிலத்தில் 2100 அளவுள்ள நீர் ஆண்டுக்கணக்கில் இறங்கியதால் 1700-க்கு ஏறினால், வெளியேற்றத்தின் அளவு மீறப்படவில்லை. ஆனால் சட்டம் சொல்லும் மாசு நடந்துவிட்டது. அளவு என்பது ஆலையைக் கண்காணிக்க வைத்த ஏற்பாடு. மாசு நடந்ததா என்று கிணற்றைக் கேட்க வேண்டும்.

'இது பாறையின் உப்பு சார்' என்ற வாதமும் வரும். அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் சில ஊர்களில் அது உண்மை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் ஃபுளோரைடு பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. பிள்ளைகளின் பல்லில் பழுப்பேறுகிறது, முதியோரின் முதுகு வளைகிறது. குற்றம் சாட்ட ஒரு ஆலையும் இல்லை. அந்த நீரும் தீங்கானதுதான், அதற்கும் அரசு பதில் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காக வந்ததுதான். ஆனால் அதை மாசு என்று எழுதினால், உண்மையான மாசுக்கு எதிராக நாம் எழுதும் அறிக்கையும் மதிப்பிழக்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரே கிணறு போதாது. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நீர்மட்டங்களை அளந்து கண்டுபிடித்து, ஆலைக்கு மேல்பக்கம் ஒரு கிணறு, கீழ்ப்பக்கம் வரிசையாகச் சில கிணறுகள் எடுக்க வேண்டும். பாறை ஒன்றே, மழை ஒன்றே. கீழ்ப்பக்கம் மட்டும் குளோரைடு ஏறி, தூரம் போகப் போகக் குறைந்தால், பாறையின் மேல் பழி போட முடியாது. குளோரைடு மண்ணில் ஒட்டாது, சிதையாது. நீர் போகும் வேகத்திலேயே போகும். தோல் பதனிடும் மூவிணைதிறன் குரோமியம் களிமண்ணில் பிடித்துக்கொண்டு பின்தங்கும். அதனால் குளோரைடு ஏறிய கிணற்றில் குரோமியம் தென்படவில்லை என்றால் நிம்மதி அடைய ஒன்றுமில்லை. கழிவு வரும் பாதை திறந்துவிட்டது. சட்டத்தின் 'வரக்கூடும்' என்ற சொல்லுக்குக் களத்தில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மாதிரி எடுப்பதில் பொறுமை வேண்டும். போர்வெல்லில் மோட்டாரைப் போட்டதும் வருவது குழாயில் தேங்கி நின்ற நீர். அதை ஓடவிட்டு, மின்கடத்துதிறன், பி.எச்., வெப்பநிலை மூன்றும் ஒரு நிலைக்கு வந்த பிறகே பாட்டிலை நீட்ட வேண்டும். அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். கரைந்த உலோகங்களுக்கான பாட்டிலில் நீரை வடிகட்டிவிட்டு நைட்ரிக் அமிலம் சேர்ப்போம். ஆறிணைதிறன் குரோமியத்துக்கு எடுப்பதில் அந்த அமிலத்தைச் சேர்த்தால், தேடி வந்த நச்சு வடிவமே மாறிவிடலாம். அதற்குத் தனிப் பாட்டில், தனிப் பக்குவம், பனிக்கட்டிப் பெட்டி. திறந்த கிணறு என்றால் கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி போட்டு, எப்போதும் அங்கிருந்தே நீர்மட்டம் அளப்போம். நீதிமன்றத்துக்குப் போகும் மாதிரி என்றால் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லும் முறை இருக்கிறது: அந்த இடத்திலேயே அறிவிப்பு கொடுத்து, உரியவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இது தவறினால், எவ்வளவு துல்லியமாக ஆய்வு செய்திருந்தாலும் முடிவு சாட்சியாகாது.

1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்ற ஆய்வு முடிவும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. என் வேலைக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் உதவுவது வேறொரு வரி: தன் செயலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் செய்பவருடையது. அப்படியானால் அனுமதி கேட்கும் நாளிலேயே சுற்றுவட்டக் கிணறுகளின் முன்நிலை அளவுகள் கோப்பில் இருந்தாக வேண்டும். கெட்ட பிறகு தேட வேண்டிய நிலையில் விவசாயியை நிறுத்துவது அந்தத் தீர்ப்புக்கு எதிரானது.

கெட்ட கிணற்றைக் கைவிட்ட கணக்கில் சேர்ப்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. அமெரிக்காவிலும் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1974-இல்தான். அதன் கீழ் வந்த விதிகளில், காக்க வேண்டிய நிலத்தடிக் குடிநீர் ஆதாரம் என்பதற்கு டி.டி.எஸ். 10,000 வரை எல்லை வைத்திருக்கிறார்கள். யாரும் இன்று குடிக்க முடியாத நீர் அது. நாளை சுத்திகரித்துக் குடிக்கத் தேவைப்படலாம் என்பதால் அதையும் வரையறைக்குள் வைத்தார்கள். நம் பக்கத்தில் 3000 தாண்டியதும், 'அது ஏற்கெனவே உப்புக் கிணறுங்க' என்று சொல்லி இன்னும் கழிவைச் சேர்ப்பதற்கு வழி விடுகிறார்கள்.

பழைய அளவுகள் கிடைக்காது என்று சோர்ந்துவிட வேண்டாம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத் தாள், வேளாண்மைத் துறை பாசன நீரைச் சோதித்துக் கொடுத்த அட்டை, கிணறு வெட்ட வங்கியில் கடன் கேட்டபோது வைத்த விண்ணப்பம் ஆகியவற்றைப் பட்டா நகலோடும் கிஸ்தி ரசீதோடும் சேர்த்து மடித்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. பருப்பைப் பற்றிக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். தாள் கிடைத்தால், அதில் உள்ள சர்வே எண் நீங்கள் நிற்கும் கிணற்றின் எண்தானா என்று சரிபார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அறிக்கையில் உங்கள் அளவுகளுக்கு முன்னால் அதை இணையுங்கள்.