குறுக்கு விசைகள்

கணிப்பொறியிற் கை தேர்ந்தவர்களுக்குச் சுட்டெலியைத் தொடுவதே இழுக்கென்று தோன்றும் பருவம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு நாமும் அப்பருவத்தில் இருந்தோம். வலக்கை விசைப்பலகையை விட்டு எலியை நாடிச் சென்று மீள்வதில் எவ்வளவு பொழுது வீணாகின்றதென்று விடுதித் தோழர்களுக்கு ஓயாது உபந்நியாசஞ் செய்து வந்தோம்.

யாவரும் அறிந்தவற்றை இங்கு விரித்தல் வேண்டா. கண்ட்ரோல் விசையுடன் எக்ஸ் வெட்டும், சி படியெடுக்கும், வி ஒட்டும், இசட் செய்ததை மீட்கும். ஆப்பிள் நிறுவனத்தார் 1983-இல் வெளியிட்ட லிசா என்னுங் கணிப்பொறியிலேயே இந்நான்கெழுத்தும் இத்தொழிலுக்கு வந்துவிட்டன. அதற்கு முன்னரே, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில், டிம் மாட் என்பாருடன் கூடி வெட்டியொட்டும் முறையை ஆக்கியவர் லாரி டெஸ்லர். அவர் 2020-இற் காலமானார். பழகியோரும் அறியாதன சில உள. வேர்டிற் கோப்பைத் திறந்தவுடன் ஷிப்டுடன் எஃப்5 விசையை அழுத்தினால், கடைசியாகத் திருத்திய இடத்திற்கே அது நம்மைக் கொண்டு சேர்க்கும். கண்ட்ரோலுடன் பேக்ஸ்பேஸ் ஓரெழுத்தன்றி ஒரு சொல்லையே அழிக்கும்.

எனினும் தமிழ் மாணவராகிய நமக்கு மிக்க வியப்பளிப்பது தமிழ்99 விசைப்பலகையே. 1999-இற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக எழுந்த இதில், ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்துவிடும். மெல்லினத்தின்பின் அதற்கு இனமான வல்லினம் வரினும் அவ்வாறே. பக்கம், சங்கம் என்பவற்றில் இறுதி மகரத்திற்கன்றி வேறெதற்கும் நாம் புள்ளியிட வேண்டுவதில்லை. மெய்ம்மயக்கம் அறிந்தார் வகுத்த குறுக்கு வழி இது! மமதை என்னுஞ் சொல்லுக்கோ இரு மகரங்களுக்கிடையே அகரத்தைத் தட்டுதல் வேண்டும். மறந்தால் 'ம்மதை' என்றாகிவிடும்.

இத்தனை தேர்ச்சியோடிருந்த நாம், பார்வை மங்கிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அவருடைய நூலைத் தட்டிக் கொடுக்க முற்பட்டோம். 180 பக்கம் முடிந்தபின் அவர், "மதி என்றால் இக்காலத்துப் பிள்ளைகள் அறிவென்று கொள்வர், நிலவென்று மாற்றிவிடு, தம்பி" என்றார். கண்ட்ரோலுடன் எச்சை அழுத்தி, எல்லாவற்றையும் மாற்றுமாறு ஏவினோம். 312 இடங்கள் ஒரு நொடியில் மாறின. சேமித்தோம், அச்சிட்டோம், கோப்பை மூடினோம், செருக்குடன் உறங்கினோம்.

மறுநாள் மாலை அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினோம். நூலின் முகப்பிற் காலஞ்சென்ற தம் மனைவியார்க்கு அதனை உரிமையாக்கியிருந்தார். 'திருநிலவு' என்று நம் வாய் சொல்லிய பின்னரே கண் அதனைக் கண்டது. தாளைப் புரட்டினோம். அனுமதி அனுநிலவாகவும், மதிப்பு நிலவுப்பாகவும் நின்றன. உண்மையிலேயே திங்களைக் குறித்த 'மதியின்' என்பதும் 'நிலவுயின்' ஆகியிருந்தது. இகரத்தின்பின் யகர உடம்படுமெய் வருமென்று தேர்வில் எழுதிய கையே இதனைச் செய்தது.

கோப்பை முன்னிரவே மூடிவிட்டமையால் இசட் உதவாது. நிலவை மதியென்று திருப்பி மாற்றலாமெனின், 'வழக்கம் நிலவுகின்றது' என்று அவர் எழுதியதெல்லாம் 'மதிகின்றது' ஆகிவிடும். முழுச் சொல்லை மட்டும் மாற்றுமாறு பணித்திருக்கலாமே என்பீர். உருபேற்ற தமிழ்ச்சொல் அதற்கு அகப்படுவதில்லை.

ஐயா சிறிது நேரம் வாய் திறந்திலர். முகப்பை மட்டும் நாம் திருத்தி வாசித்திருந்தால் அவர் அறிந்திரார் என்னும் எண்ணம் நமக்குள் ஓடியது. அதற்காக இன்றும் நாணுகின்றோம். பின்பு அவர், "அவள் பள்ளியிலே தமிழ் சொல்லிக் கொடுத்தவள், தம்பி. ஓர் ஒற்று மிகினும் பொறாள். முதலில் அதைத் திருத்து" என்றார்.

அவர் முன்னிலையிலேயே அவ்வொரு சொல்லை அழித்து, எழுத்தெழுத்தாகத் தட்டினோம். எஞ்சியவற்றை ஒவ்வொன்றாய்த் தேடி அவருக்கு வாசித்துக் காட்டி மாற்ற எட்டு மாலைகள் சென்றன. திங்களைக் குறித்த இடங்களிற் பாதிக்கு மேல், வரியை இருமுறை கேட்டுவிட்டு, "இங்கே மதியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.