பலகை விலைக்குப் போன மேசை

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய படம் வந்தது. சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையத்தில் நிற்கிறதே, அந்தச் செட்டிநாட்டு நிலைவாசல். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது, சுமார் 5,000 நுணுக்கச் செதுக்கல்கள் கொண்டது. அதன் பக்கத்தில் நீ சுண்டைக்காய் மாதிரி நிற்கிறாய். படத்தோடு மூன்று கேள்வியும் வந்திருந்தது. இந்த மாதிரிச் சாமானெல்லாம் ஏன் வீட்டைவிட்டு வெளியே வந்தது? பழைய சாமான் வியாபாரியாயிருந்த உன் தாத்தா அதையெல்லாம் ஏமாற்றித்தான் வாங்கினாரா? நம் மாடியில் கிடக்கும் கணக்குப்பிள்ளை மேசையை அங்கே கொண்டுவர முடியுமா? மூன்றாவதற்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் மரம். செட்டிநாட்டு வீடுகளின் தேக்கில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. அங்கே தேக்கைப் பச்சையாக வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் போலக் கொத்திவிட்டு, நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதுதான் காரணம். காய்ந்த மரத்தைச் சாய்த்து, யானை கட்டி ஓடைவரை இழுத்துப் போட்டுவிட்டால், மழைவெள்ளம் அதை ஆற்றில் சேர்த்து ரங்கூனுக்கு அனுப்பும். இந்த மரத்தால் ஒரு ராஜ்யமே போயிருக்கிறது. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கணக்கில் காட்டாமல் மரம் எடுத்தது என்று தீபோ மன்னரின் அரசு 1885-இல் பெரிய அபராதம் போட்டது. ஆங்கிலேயர் அதையே சாக்காக வைத்துப் படையெடுத்தார்கள். இரண்டே வாரம், மாண்டலே விழுந்தது. மன்னர் ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். காரைக்குடிப் பக்கம் ஊஞ்சலில் ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்!

பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார் என்னும் செட்டியார்கள், ஊரில் கட்டிய வீடுகளை நீ பார்த்திருக்கிறாய். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி, பளிங்குத் தரை, கை நீண்ட சாய்வு நாற்காலிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள். உள் அறைகளில் பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரங்கள், டஜன் கணக்கில்; அவற்றில் ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் தூக்குகளும் உண்டு. பாதிச் சாமானைக் கட்டவிழ்த்திருக்கவே மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் சம்பாதித்த இடத்தில் நாற்காலியே கிடையாது. நீ வேலைக்குப் போகும் வழியில் மார்க்கெட் தெரு இருக்கிறதே, அங்கேதான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், அதில் ஒரு கடைக்கு இவ்வளவு இடம் என்று தரைக்கணக்கு. ஒவ்வொரு கடைக்கும் ஓர் அலமாரி, ஒரு பெட்டகம், தரையோடு தரையாக ஒரு சாய்வுமேசை. முதலாளி ஊரில் இருப்பார். மேலாள் மேசைக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். அடுத்தாள் பேரேடு எழுதுவார். கடைசியில் இருக்கும் சின்னப் பையனுக்குப் பெயரே ‘பெட்டியடிப் பையன்’. பகலில் ஆபீஸ், ராத்திரியில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுக்கை. நகரச் சீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. இன்று அங்கே வானத்தை முட்டும் கட்டடங்கள். ஒரு வங்கி முழுவதும் இரண்டடி நீள மேசைக்குள் அடங்கியிருந்தது என்பதை அவற்றைப் பார்த்து நினைத்துக்கொள்.

அந்த மேசையைத்தான் ஊரில் கணக்குப்பிள்ளை மேசை என்கிறோம். சாய்ந்த மூடி. அதைத் தூக்கினால் உள்ளே அறைகள்: நாணயத்துக்கு ஒன்று, மைக்கூட்டுக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று. சிலவற்றில் ஓர் அறையின் அடிப்பலகையை நகர்த்தினால் கீழே இன்னொரு கள்ள அறை.

சரி, ஏன் விற்றார்கள்? எல்லாரும் சொல்வது போல ‘பர்மா போச்சு, பணம் போச்சு’ என்பது பாதிக் கதை. 1930-இல் உலக மந்தம் வந்து நெல்விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடகு நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த நிலம் 1930களின் கடைசியில் 25 சதவீதம் ஆகிவிட்டது. காசு கேட்டவர்களுக்கு மண் கிடைத்தது. கூடவே பர்மியரின் கோபமும். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பலர் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தார்கள். சுதந்திர பர்மா 1948-இல் நிலச் சட்டம் போட்டது. 1963-இல் நே வின் அரசு வங்கிகளை எடுத்துக்கொண்டது. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது.

மீதிப் பாதிக் கதை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடு ஒருவருக்குச் சொந்தமில்லை. தாத்தாவின் வீடு மகன்களுக்கு, அவர்கள் மகன்களுக்கு என்று போய், நாற்பது ஐம்பது பேருக்குப் பங்கு வந்துவிடும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வீட்டை விற்க வேண்டுமானால் அத்தனை கையெழுத்தும் வேண்டும். கட்டிலை விற்க? கையெழுத்தும் வேண்டாம், முத்திரைத்தாளும் வேண்டாம், சாவி வைத்திருப்பவரும் ஒரு மாட்டுவண்டியும் போதும். நாற்காலிதான் அந்த வீட்டில் பங்கு போடக்கூடிய ஒரே சொத்து. ஓடு மாற்றணும், கூரை ஒழுகுகிறது, வெள்ளையடிக்கணும் என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதைவிட நாலு கட்டிலைத் தள்ளிவிடுவது சுலபம். வீட்டைக் காப்பாற்றத்தான் வீட்டுச் சாமானை விற்றார்கள். உன் தாத்தா இதை ஒற்றை வரியில் சொல்வார்: “கூரைக்காகக் கட்டில் போச்சு.”

குடும்பம் கூடும் நாளில்தான் வியாபாரியைக் கூப்பிடுவார்கள். கல்யாணம், அல்லது முன்னோருக்குப் படைக்கும் படைப்பு. பந்தி முடிந்த சாயங்காலம், வெற்றிலைத் தட்டு சுற்றிவரும் நேரத்தில் ஆள் வரும். உன் தாத்தாவுக்கு அப்போது துணிப்பையும் முழக்கோலும்தான் ஆபீஸ். உள்ளே போனதும் அவர் வாங்க வந்த சாமானைப் பார்க்கவே மாட்டார். கால் உடைந்த ஒரு நாற்காலியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார், முகம் சுளிப்பார், அதற்கு ஒரு விலை சொல்வார். பேரம் அதில்தான் நடக்கும். முடிந்ததும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இந்தக் கணக்குப் பெட்டியையும் சேர்த்துப் போடுங்களேன், வண்டி வெறுமனே போகுது” என்பார். அந்தப் பெட்டிக்காகத்தான் அவர் பத்து மைல் வந்திருப்பார்.

ஏமாற்றா? பெரியப்பா இதில் நடுநிலையாகப் பேச முடியாது, அந்தச் சோற்றைத்தான் தின்று வளர்ந்தான். ஆனாலும் கேட்டதற்குப் பதில் வேண்டும். அந்தக் காலத்தில் வாங்குகிறவனுக்கும் அது மரம்தான். கதவையும் தூணையும் கன அடி போட்டுத்தான் விலை பேசினார்கள். செதுக்கு வேலைக்குத் தனி விலை கிடையாது. சமயத்தில் செதுக்கல் இருந்தால் விலை குறையும், இழைத்தால் மரம் வீணாகும் என்று! மேசை பலகை விலைக்குப் போனது. அதுவரை நியாயம். பிறகு வெளியூர் ஆட்கள் கார் போட்டு வந்து, அதே மேசைக்குப் பலகை விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கத் தொடங்கினார்கள். அதைத் தெரிந்துகொண்ட பின்னும் உள்ளே போய்ப் பழைய விலையையே சொன்னார்களே, அது நியாயமில்லை. உன் தாத்தாவும் சொல்லியிருக்கிறார்.

தொழிலையே கேவலமாக நினைத்துவிடாதே. சென்னையில் மர்ரே கம்பெனி என்று பழைய சாமான்களை ஏலம் விடும் நிறுவனம். அதை நடத்திய எஸ். ராஜம்தான் 1950களில் வையாபுரிப் பிள்ளை போன்ற அறிஞர்களின் துணையோடு சங்க நூல்களையும் கம்பனையும் சந்தி பிரித்து, மலிவு விலையில் போட்டவர். ‘மர்ரே ராஜம் பதிப்பு’ என்று இன்றும் தேடி அலைகிறார்கள். யாரோ விற்ற பீரோவின் கமிஷன், புறநானூறாக வந்திருக்கிறது.

வாங்கிய சாமானெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வரும். இன்றும் அங்கே வரிசையாகக் கடைகள்; ஒரே கூரைக்குக் கீழ் நிலைக்கதவு, எனாமல் தூக்கு, நின்றுபோன சுவர்க்கடிகாரம், யாருடைய தாத்தாவோ தெரியாத சட்டம் போட்ட போட்டோ. இங்கிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு, சென்னைக்கு, டில்லிக்குப் போகும். ஒரே ஒரு நல்ல முடிவைச் சொல்லவேண்டுமானால், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா. இடிக்க இருந்த வீட்டின் மரவேலைகளை வாங்கிக்கொண்டு போய், ஒரு செட்டிநாட்டு வீடாக அங்கே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே தூண் தூணாகவே நிற்கிறது. மற்ற பல இடங்களில் அது ஓட்டல் வரவேற்பறையில் பூந்தொட்டி தாங்குகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அதற்குள் போகவேண்டியதெல்லாம் போய்விட்டது.

இப்போது கிடைப்பதில் நிறைய ‘புதுப் பழசு’. மாமரத்தில் செய்து, கறுப்பு பாலிஷ் ஏற்றி, மூலையைக் கல்லால் இடித்துத் தருகிறார்கள். உன் சிநேகிதர்கள் யாராவது வாங்கினால் சொல்: மேல்பக்கத்தைப் பார்க்காதே, தலைகீழாகக் கவிழ்த்துப் பார். அசல் மேசையில் அடிப்பலகை இழைக்காமல் சொரசொரவென்று இருக்கும். பார்க்காத இடத்துக்குப் பழைய ஆசாரி உழைப்பைச் செலவழிக்கமாட்டார். கீலைப் பார். திருகாணித் தலையில் கூட்டல் குறி இருந்தால் அந்த ஆணி 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அமெரிக்காவில் அது சந்தைக்கு வந்ததே அப்போதுதான். தேய்மானத்தைப் பார். நிஜமான மேசையில் எழுதுகிறவர் கை படும் முன்விளிம்பு மட்டும் வழவழத்திருக்கும். போலியில் நாலு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து எழுதினாற்போல.

இனி நம் மாடி மேசை. தாத்தா விற்காமல் வைத்திருந்த ஒரே மேசை அது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் 1976-இல் நடப்புக்கு வந்தது. நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருளையும் கைவினைப் பொருளையும் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நூறுக்கு உட்பட்டது என்றால், தொல்லியல் துறையிடம் காட்டி ‘தொல்பொருள் அல்ல’ என்று சான்று வாங்கிக்கொண்டு அனுப்பலாம். அப்படியானால் மேசையின் வயது என்ன?

போன வாரம் துடைத்துப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. பாதி பூச்சி தின்றதுபோக, ‘பிரமோதூத வருஷம் தை மாதம்’ என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆங்கில வருஷம் இல்லை. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது உனக்குத் தெரியும். பிரமோதூத 1930 சித்திரையிலும் பிறந்தது, 1870 சித்திரையிலும் பிறந்தது; அதன் தை மாதம் 1931 தொடக்கத்தில், அல்லது 1871 தொடக்கத்தில். 1931 என்றால், அது மந்தம் விழுந்த மறுவருஷம், மேசை சான்றோடு உன் வீட்டுக்கு வரலாம். 1871 என்றால் நாட்டைவிட்டு நகராது. காகிதம் பின்னால் ஒட்டியதாகவும் இருக்கலாம். அப்போது மேசை அதற்கும் மூத்தது. கீலில் இருப்பவை ஒற்றைக் கோட்டுத் திருகாணிகள், அதனால் அவை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. பூச்சி தின்ற பாதியில் கடைப்பெயர் இருந்திருக்கவேண்டும். ஓர் எழுத்து மட்டும் மிச்சம்.

சான்றுக்கு மனுப் போடுவதானால் சீக்கிரம் சொல். 1931 என்றே வைத்துக்கொண்டாலும், நூறு தொட அதற்கு இன்னும் சில வருஷம்தான். அளவையும் குறித்துக்கொள்: இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், முன்பக்கம் ஏழு அங்குல உயரம். உங்கள் வீட்டில் வைக்க இடம் இருக்கலாம். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார உன்னால் முடிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எழுது.

இப்படிக்கு,
பெரியப்பா