பூஞ்சைக் கண்

சென்ற ஆண்டு தை அறுவடையில், இயந்திரம் நுழைய இயலாத மூலைத் தாக்கில் கதிரடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் வலக்கண்ணில் நெல்லுமி தெறித்தது. லால்குடிப் பக்கம் இதையெல்லாம் யாரும் காயமென்று எண்ணுவதில்லை. முதலில் தாய்ப்பால் விட்டார்கள். பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டுமருந்து. இரண்டு நாள் சிவப்பு தணிந்தது. எட்டாம் நாள், கருவிழியில் சாம்பல்நிறப் புள்ளியோடு திருவரங்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

"ஒண்ணுமில்லப்பா, தூசிதான்."

திருச்சியில் கண் மருத்துவர் முதலில் கேட்டது அந்தக் குப்பியைத்தான். அதில் ஸ்டீராய்டு இருந்தது. சிவப்பை மறைத்துவிட்டு, உள்ளே பூஞ்சைக்கு வழிவிடும் மருந்து. மருத்துவர் சீட்டின்றி அதைத் தூக்கிக் கொடுத்தவர்மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் விளிம்பைச் சுரண்டினார்கள். கடுகளவும் இராது. அதில் பாதி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில். மீதி வளர்கூழில் பிறை வடிவக் கீறல்களாக. கரைசல் மனிதத் திசுவைக் கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூஞ்சையின் சுவரோ கைட்டின் கொண்டது. எளிதில் கரையாது, எஞ்சி நிற்கும்.

ஆய்வகத்தில் இருந்த பெண், என் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் கடைசி வரிசையில் உறங்கியவள். "ஐயா, நீங்களே பாருங்க" என்றாள். நுண்ணோக்கியில், மூங்கில் போலக் கணுக்களிட்டுக் கிளைத்த நிறமற்ற இழைகள்.

"என்ன பூஞ்சை அம்மா?"

"வளர்ந்தாத்தான் தெரியுங்கய்யா. பூஞ்சைங்கிறது மட்டும் இப்ப உறுதி."

அந்த ஒரு சொல் போதுமானதாயிருந்தது. அன்றே நாட்டமைசின் 5 விழுக்காட்டுச் சொட்டு தொடங்கியது, மணிக்கொரு முறை. நான்காம் நாள் வளர்கூழில் வெண்பஞ்சு. அதில் படகு வடிவ வித்துகள். ஃபியூசேரியம் என்றார்கள்.

பின்னர் தேடிப் படித்தேன். 1879இல் ஜெர்மனியில் லேபர் என்ற மருத்துவர் முதன்முதலாக விவரித்த நோயாளியும் உழவரே. அவர் கண்ணில் பட்டது ஓட்ஸ் உமி. இந்நோய்களைப் பற்றி 2003இல் வெளிவந்த விரிவான ஆய்வுக் கட்டுரையை எழுதிய பிலிப் தாமஸ், நம் திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர். பேருந்தில் எத்தனை முறை அதைக் கடந்திருக்கிறேன்!

மங்கிய பார்வையைப் பாட்டி 'பூஞ்சைக் கண்' என்பாள். வலுவற்றது என்ற பொருளில் வரும் பூஞ்சை அது. 'பூஞ்சை உடம்பு' என்பதுபோல. இரு பொருளும் சித்தப்பாவின் ஒரே கண்ணில் கூடிவிட்டன.

கண் தப்பியது. தழும்பு நின்றுவிட்டது; அந்தக் கண்ணால் விரல்களை எண்ணுவார், முகம் தெரியாது. இந்தத் தைக்குக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கதிரடிக்கையில் கழற்றி மடியில் செருகிக்கொண்டாராம். சித்தி தொலைபேசியில் சொன்னார்.