ஒரு போஸ்டர் போட்ட கதை

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் கடைசி வரை படியுங்கள், பயன்படும்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும். சேலம், தருமபுரி மாவட்டங்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கருத்தரங்கம், ஆய்வுக் கட்டுரை எல்லாம் எனக்கு எட்டாத சமாச்சாரம். ஆனால் சார்ட் எழுதச் சொன்னால் எழுதுவேன். அது ஒன்று கைக்கு வந்துவிட்டது.

போன வருடம், மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். பெயர் போட வேண்டாம் என்றாள். இந்தப் பதிவையும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். தருமபுரிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள புளோரைடு பற்றியது அவளுடைய ஆய்வு. சென்னையில் ஒரு கருத்தரங்கில் அதைப் போஸ்டராக வைக்க வேண்டும். மாட்டிவிட்டு இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

"நீங்க சார்ட் நல்லா எழுதுவீங்களே டீச்சர், இதை ஒரு பார்வை பாருங்க" என்று மடிக்கணினியைத் திறந்தாள்.

பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கட்டுரையை அப்படியே கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். தலைப்பே மூன்று வரி.

"எவ்வளவு பெரிசு கண்ணு இது?"

"ஏ-ஜீரோ டீச்சர். 841க்கு 1189 மில்லிமீட்டர்."

கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டர். நாம் ஜெராக்ஸ் எடுக்கிற ஏ-4 தாளில் பதினாறு சேர்த்து ஒட்டிய அளவு. இடம் இருக்கிறது என்று நிரப்பிவிட்டாள். சார்ட் பெரிதாக இருப்பதே கடைசி பெஞ்சுக்குத் தெரியத்தான் என்று எங்கள் பயிற்சிப் பள்ளியில் சொல்வார்கள்.

அதை ஒரே ஒரு ஏ-4 தாளில் சுருக்கிப் பிரதி எடுத்து வரச் சொன்னேன். கையில் வைத்துப் படிக்க முடியவில்லை என்றால், சுவரில் மாட்டினாலும் நின்று படிக்க முடியாது. இருவருக்கும் படிக்க முடியவில்லை. அவளுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

"சரி, நீ என்னதான் கண்டுபிடிச்ச? தமிழ்ல, ஒரே வரில சொல்லு."

பத்து நிமிடம் சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "ஒரே ஊர்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கிணறு இருக்கும் டீச்சர். ஒண்ணுல குடிக்கலாம், இன்னொண்ணுல குடிக்கக் கூடாது. ஊருக்கு ஒரு கிணறு சோதிச்சா போதாது."

"இதைத்தான் கண்ணு நடுவுல பெரிசா போடணும்" என்றேன்.

அவளுக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் மைக் மோரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் 2019இல் ஒரு காணொளி போட்டு இதையேதான் சொன்னாராம். முடிவை எளிய வார்த்தையில் நடுவில் பெரிதாக எழுது, விவரம் வேண்டியவர்கள் கைப்பேசியில் எடுத்துக்கொள்ள ஒரு கியூஆர் கோடு வை என்று. காணொளியையும் காட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன் இவ்வளவு எழுதின?"

"எல்லாம் எழுதிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க டீச்சர். நான் பேச வேண்டியிருக்காது."

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள், அப்படித்தான் சிரிப்பாள்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் குடிதண்ணீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டு அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சிறுவயதில் குடித்தால், முளைக்கும் பல்லே கறையோடு வரும். தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்தப் பல் உண்டு. இவளுக்கும் உண்டு.

மூன்றாம் வகுப்பில் இவளை எழுப்பி நிறுத்தி, "பல்லே விளக்க மாட்டியா நீ?" என்று கேட்டவள் நான். வகுப்பே சிரித்தது. அப்போது மாற்றலாகி வந்த புதிது, தண்ணீர்தான் காரணம் என்று தெரியாது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே பல். பாதி வகுப்பும் பல் விளக்காமலா வரும் என்று யோசிக்கப் பட்டயப் படிப்பே போதுமே. யோசிக்கவில்லை.

அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர்" என்றாள். கை வாயிலிருந்து இறங்கவில்லை.

பிறகு இரண்டு நாள் சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தோம். தலைப்பு எழுத்து 100 புள்ளி, உள்ளே எதுவும் 28 புள்ளிக்குக் குறையாமல். நானூறு சொல்லுக்குள் அடக்கினோம். பிள்ளைகள் நோட்டில் மார்ஜின் விடுவது போலச் சுற்றிலும் வெள்ளை இடம் விட்டோம். நல்ல கிணற்றுக்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு வைத்திருந்தாள். அந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாத கண்கள் உண்டு. நீல வட்டம், ஆரஞ்சு முக்கோணம் என்று மாற்றினோம். நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும்.

அச்சடிக்கப் பேனர் கடைக்குப் போனோம். "மேல யாரு போட்டோ வைக்கணும் டீச்சர்?" என்றுதான் தம்பி முதலில் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று அடித்துப் பழகிய கை. அளவை வழக்கமான மூன்றுக்கு நான்கு அடியாகப் போடப் பார்த்தார். அப்படி இழுத்தால் வட்டமெல்லாம் முட்டையாகிவிடும். மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்தோம். ஃபிளக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் என்பதால் மேட் வினைல் கேட்டோம்.

முழுதாக அடிக்கும் முன், வரைபடம் உள்ள பகுதியை மட்டும் ஓர் அடி அகலத்துக்கு நிஜ அளவில் அடித்துப் பார்த்தோம். நல்லதாகப் போயிற்று. வரைபடம் கலங்கிப்போய் வந்தது. தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமாம், அதில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டும், 300 இருந்தால் நல்லது. மூலக் கோப்பை வாங்கி வைத்தோம். திரையில் பளிச்சென்று இருந்த நீலமும் அச்சில் மங்கியிருந்தது, அதையும் சரிசெய்தோம். கோப்பை எப்போதும் பிடிஎஃப் ஆக்கியே கொடுங்கள். தமிழ் எழுத்து என்றால் கட்டாயம். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும்.

கொண்டுபோக, எங்கள் வீட்டுக்காரர் நாலு அங்குல பிவிசி பைப்பை மூன்று அடிக்கு அறுத்து இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தார். எழுத்து வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டினோம். அப்போதுதான் மாட்டும்போது ஓரம் சுவரை விட்டு எழும்பாது.

கிளம்பும் முன் கூடத்துச் சுவரில் மாட்டி ஒத்திகை பார்த்தோம். நானும் அவரும் பக்கத்து வீட்டம்மாவும் பார்வையாளர்கள். இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னாள், கையை வாயில் வைத்துக்கொண்டு. "கையை எடு" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கருத்தரங்கம் முடிந்த ராத்திரி சென்னையிலிருந்து பேசினாள். பரிசு எதுவும் இல்லை. பன்னிரண்டு பேர் போல நின்று கேட்டார்களாம். வயதான பேராசிரியர் ஒருவர் வரைபடத்தில் ஒரு முக்கோணத்தைத் தொட்டு, "இந்தக் கிணற்றுத் தண்ணீரை ஜனங்கள் குடித்தார்களா?" என்றாராம்.

"நான் குடிச்சேன் சார்னு சொன்னேன் டீச்சர். சொல்லிட்டுச் சிரிச்சேன். அப்புறம் அரை மணி நேரம் அவர்கூடப் பேசிட்டிருந்தேன்."

சிரித்தபோது கை எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அதன் தமிழ்ப் பிரதி ஒன்றை இந்த ஜூனில் அவள் படித்த பள்ளியிலேயே மாட்டினோம். வார்த்தைகளை நான் எழுதிக் கொடுத்தேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பிள்ளைகள் முதலில் தேடியது அவரவர் வீட்டுக் கிணறு வட்டமா முக்கோணமா என்பதை. பக்கத்தில் நின்று பதில் சொன்னவள் அவள்தான்.

போஸ்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.