புனேயின் பொன்னெரு போகும் வழி

பிப்ரவரி மாதத்து விடியற்காலை. கும்பார்காவ் கரையிலிருந்து படகு கிளம்புகிறது. புனேயிலிருந்து சோலாப்பூர் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் வந்தால் பிக்வண். அதை ஒட்டிய மீனவர் கிராமம் இது. பீமா நதியின் குறுக்கே 1980-ல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணையின் நீர் இதுவரை பின்வாங்கி நிற்கிறது. கொள்ளளவு 117 டி.எம்.சி. நம் மேட்டூர் 93.47 தான்.

ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் வரிசையாக நின்று, தலையைக் கவிழ்த்துச் சேற்றை அரித்துக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பார்க்க வார இறுதியில் புனேயிலிருந்து கேமராக்களோடு கூட்டம் வருகிறது. பறவையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தால் அது வேறு காட்சி. யாரோ பச்சைப் பெயிண்ட்டைக் கரைத்துவிட்டது போல் பாசி. ஓரங்களில் ஆகாயத் தாமரை. கையை விட்டு எடுத்தால் வழவழப்பும் ஒரு புழுக்க வாடையும் ஒட்டிக்கொள்கின்றன.

"புனே கா பானி, சாஹேப்" என்கிறார் படகுக்காரர், கழியை ஊன்றியபடி. அவர் அப்பா காலத்தில் வலையில் பல ஜாதி மீன்கள் விழுமாம். இப்போது பெரும்பாலும் சிலாபி. நம்மூர் ஜிலேபி கெண்டை தான். எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும் பிராணி.

இதே தண்ணீரைத்தான் சோலாப்பூர் நகரம் குடிக்கிறது. பண்டரிபுரத்தில் இதே நதிக்குச் சந்திரபாகா என்று பெயர். ஆஷாட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானவர்கள் அதில் முழுக்குப் போடுகிறார்கள். துக்காராமின் பல்லக்கு புனே, லோணி கால்போர், யவத் வழியாகப் பண்டரிபுரம் போகிறது. புனேயின் சாக்கடைக்கும் சேருமிடம் அதுவே.

பச்சையின் ஊற்றுக்கண்ணைப் பார்க்க, வந்த வழியே திரும்பினேன்.

புனே நகருக்குள் முளாவும் முத்தாவும் சங்கமிக்கின்றன. கிழக்கே ஓடும் முளா-முத்தா, தௌண்ட் தாலுகாவில் பீமாவில் கலக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி மாநகராட்சி எல்லைக்குள் 31 லட்சம் பேர். ஒரு மனிதன் ஆண்டுக்குச் சில கிலோ நைட்ரஜனைக் கழிவாக வெளியேற்றுகிறான், பெரும்பகுதி சிறுநீரில். நான்கு கிலோ என்று வைத்தால் 12,400 டன். யூரியாவாகச் சொன்னால் ஏறக்குறைய 27,000 டன். இதில் ஒரு பகுதி வழியிலேயே காற்றில் கலந்துவிடும். மிச்சமும் பாஸ்பரஸும் ஆற்றோடு போய் உஜனியில் பாசிக்கு விருந்தாகின்றன. 2016-ல் ஜப்பானிய உதவியோடு 11 சுத்திகரிப்பு நிலையங்களுக்கான 990 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. நல்லது. ஆனால் சுத்திகரிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது நாற்றத்தைப் போக்கும் வேலை. கரைந்த உரச்சத்தை முழுவதும் பிரிப்பது அல்ல.

ஒரு காலத்தில் இந்தச் சத்து வயலுக்கே திரும்பியது. 1870-களில் கடக்வாஸ்லா அணை வந்து, முத்தா கால்வாய் ஹடப்சர், மாஞ்சரி பக்கம் பாய்ந்தபோது, கரும்பு விவசாயிகள் எருவுக்குத் தவித்தார்கள். புனே நகரசபை மலத்தைச் சாம்பலோடும் குப்பையோடும் மக்கவைத்து அவர்களுக்கு விற்றது. மராத்தியில் இதற்கு 'சோன்கத்' என்று பெயர்: பொன்னெரு. பெயரில் பொன் இருந்தது. அதைத் தலையில் சுமந்தவர்களுக்கு மனிதர் என்ற மரியாதைகூட இருக்கவில்லை. பழைய சுழற்சியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்க வேண்டும். சாக்கடைக் குழாய் வந்தது அந்த வகையில் விடுதலை. அதன் மறுமுனையை ஆற்றில் விட்டதுதான் கோளாறு.

லோணி கால்போரைத் தாண்டி, கரும்பு வயல் நடுவே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். இங்கே வயதில் மூத்தவரைக் 'காகா' என்று கூப்பிட வேண்டும்; தமிழ் நாக்குக்குச் சிரிப்பு வருகிறது. பீட் மாவட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்த வெட்டாட்கள் முந்தின நாள்தான் அவர் கரும்பை வெட்டி அனுப்பியிருந்தார்கள். தரையில் முழங்கால் உயரத்துக்குச் சோகை.

மகாராஷ்டிராவில் ஜூலை, ஆகஸ்டில் நடும் நீண்டகாலக் கரும்புக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ நைட்ரஜன், 170 கிலோ மணிச்சத்து, 170 கிலோ சாம்பல் சத்து என்பது பரிந்துரை. இட்ட நைட்ரஜனில் பாதிகூடப் பயிருக்குச் சேருவதில்லை. மீதி நிலத்தடி நீருக்கும் ஓடைக்கும் காற்றுக்கும். ஆக உஜனியின் பச்சைக்குப் புனே மட்டுமே பொறுப்பில்லை, கரும்புக்கும் பங்குண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சர்க்கரையில் நைட்ரஜனும் இல்லை, பொட்டாஷும் இல்லை. அது காற்றும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து செய்த பண்டம். மூட்டை மூட்டையாகச் சர்க்கரையை விற்றாலும் மண்ணின் சத்து ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. பாஸ்பரஸ் ஆலையின் பிரஸ்மட்டில் தங்குகிறது. பொட்டாஷ் மொலாசஸுக்குப் போய், சாராய வடிசாலையின் கறுப்புக் கழிவில் சேர்கிறது. அந்தக் கழிவு ஆற்றில் கலந்தால் மீன் சாகும். நம் பொட்டாஷ் உரமோ அநேகமாக முழுவதும் கப்பலில் வருகிறது. வடிசாலைச் சாம்பலிலிருந்து எடுக்கும் பொட்டாஷை உர மானியத்தில் சேர்க்க 2021 வரை ஆயிற்று. சோகையில் இருக்கும் நைட்ரஜன் தீ வைத்தால் புகையாகிவிடுகிறது.

"கொளுத்தாமல் மக்க விடலாமே?" என்று கேட்டேன்.

"விடலாம் சாஹேப். எலி வரும், பாம்பு வரும். தண்ணீர் பாய்ச்ச வாய்க்கால் பிடிக்காது. மறுதாம்பு முளைப்பதற்குள் எனக்கு ஆள் கூலி கொடுத்து மாளாது." பக்கத்துக்காரர் மூன்று வருடமாகக் கொளுத்துவதில்லை, அவர் மண் மெத்தென்று இருக்கிறது என்பதையும் அவரேதான் சொன்னார். 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு எதிரே சோகையின் நியாயம் எடுபடுவது கஷ்டம்.

அவர் வயலுக்கு வருவது 'பேபி கெனால்' தண்ணீர். பழைய முளா-முத்தா கால்வாயின் செல்லப் பெயர். முந்த்வாவில் புனேயின் கழிவுநீரை இறைத்து இதில் விடுகிறார்கள். கடக்வாஸ்லாவின் நல்ல தண்ணீரை நகரம் எடுத்துக்கொள்வதற்கு இது ஈடு. சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்பது ஏற்பாடு. நாங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் சாம்பல் நிறமாக, மடை விழுமிடத்தில் நுரையோடு இருந்தது.

கரும்பு கறுகறுவென்று வளர்கிறது என்றார். காலில் அரிப்பும் உண்டு. கிணற்று நீரைக் குடிப்பதை நிறுத்தியாகிவிட்டது.

"அப்படியானால் யூரியாவைக் குறைத்திருப்பீர்களே காகா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தண்ணீரில் எவ்வளவு உரம் இருக்கிறது, எத்தனை மூட்டை குறைக்கலாம் என்று இதுவரை யாரும் வந்து சொன்னதில்லையாம். அதனால் போடுவதை அப்படியே போடுகிறார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.