கிளிப்பிள்ளை

பொருளுணராது பாடத்தை ஒப்பிக்கும் மாணவனைக் 'கிளிப்பிள்ளை' என்று ஆசிரியர் கடிந்துகொள்ளுதல் வழக்கம். யானும் பள்ளிப் பருவத்தில் அப்பட்டத்தைப் பலமுறை பெற்றவனே. ஆயினும், ஒரு கிளியோடு 13 ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, பின்னர்க் கல்லூரியில் விலங்கியல் பயிலவும் வந்தபின், அவ்வசைமொழியால் இழுக்குற்றது மாணவனன்று, கிளியே என்று எண்ணத் தலைப்பட்டேன். அதற்குரிய காரணத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், தெப்பக்குளத்தை அடுத்த தெரு ஒன்றில் உள்ளது. எனக்கு ஆறு வயது நிகழ்ந்தபோது, மூங்கிற் கூடையொன்றைச் சுமந்து தெருவோடு வந்த ஒருவனிடமிருந்து என் பாட்டனார் ஒரு கிளிக்குஞ்சை வாங்கினார். அஃது எந்த மரப்பொந்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அன்று எவரும் வினவவில்லை. அதன் கழுத்தில் ஆரம் காணப்படாமையின் பெண் என்று முடிவு செய்து, 'மீனா' என்று பெயரிட்டோம். பறந்துவிடாதபடி சிறகின் இறகுகள் நறுக்கப்பட்டன. முற்றத்துத் தூணில் கூண்டு தொங்கிற்று.

கிளி வந்த அன்றே அறிவுரைகளும் வந்து குவிந்தன. பாலும் பழமுமே கிளிக்கு உணவு என்றார் எதிர்வீட்டு அம்மையார். தியாகராய நகரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், பச்சை மிளகாய் கொடுத்தாலன்றி நாக்குத் திருந்தாது என்றார். குழந்தையின் நாவில் தேய்ப்பது போலக் கிளியின் நாவிலும் வசம்பைத் தேய்க்க வேண்டும் என்றார் மற்றொருவர். ஆண் கிளியே பேசும், பெண் பேசாது என்று அடித்துக் கூறியவரும் உண்டு. இவற்றுள் ஒன்றையும் நாங்கள் ஐயுறவில்லை, மீனாவும் மறுக்கவில்லை.

முதலில் பொய்த்தது பெயரே. மூன்றாம் ஆண்டில் மீனாவின் கழுத்தைச் சுற்றிக் கருமையும் இளஞ்சிவப்புமாக ஓர் ஆரம் தோன்றிற்று. நம் நாட்டுப் பச்சைக்கிளியைச் 'செந்தார்ப் பைங்கிளி' என்பர். அவ்வாரம் ஆணுக்கே உரியது. அதுவும் இரண்டு மூன்று வயது நிரம்பிய பின்னரே தோன்றுவது. ஆதலின் இளங்குஞ்சைக் கண்டு ஆணென்றும் பெண்ணென்றும் துணிதல் இயலாது. பெண் கிளியும் பேசக் கற்கும் என்பதைப் பின்னர் அறிந்தேன். பாட்டனார் நெடுநேரம் நகைத்தார். பெயரை மாத்திரம் மாற்றவில்லை.

பாலைப் பற்றிய நம்பிக்கையும் அத்தகையதே. பறவைகள் தம் குஞ்சுகளுக்குப் பால் ஊட்டுவன அல்ல. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவற்றின் குடலில் இல்லை. நாம் அன்போடு வைக்கும் கிண்ணம் அவற்றின் வயிற்றுக்குச் சுமையாகவே முடியும்.

மிளகாயின் செய்தி இதனினும் சுவையுடையது. மீனா மிளகாயை ஒரு காலில் ஏந்தி, கண்ணை இடுக்கி, நாம் மாம்பழம் உண்பது போல் உண்ணும். அதன் துணிவைக் கண்டு சிறுவனாகிய யான் வியந்து, ஒரு நாள் போட்டியிட்டு அழுததும் உண்டு. அது துணிவன்று என்று கல்லூரியில் கற்றேன். மிளகாயின் காரம் ஒரு சுவையன்று; வெப்பத்தை உணர்த்தும் நரம்பு முனைகளைத் தூண்டி, வாய் வேகின்றது போன்ற மயக்கத்தை அது விளைவிக்கின்றது. பறவைகளின் நரம்பு முனைகளிலும் வெப்பத்தை உணரும் ஏற்பி உண்டு. ஆயின், அஃது அமைப்பில் சிறிது வேறுபட்டிருத்தலின் காரப்பொருள் அதனைத் தூண்டுவதில்லை. கோழியின் ஏற்பியைக் கொண்டு இதனை 2002இல் நிறுவியோருள் ஒருவரான டேவிட் ஜூலியஸ், வெப்ப உணர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். விலங்கின் பல் மிளகாய் வித்தை அரைத்து அழித்துவிடும். பறவைகள் பலவும் அதனை விழுங்கித் தொலைவில் விதைக்கும். ஆகவே விலங்கை விரட்டிப் பறவையை வரவேற்பது மிளகாய்ச் செடிக்கு நலமாயிற்று. கிளி மட்டும் இவ்வுடன்படிக்கைக்கு உட்படாது. அது வித்தையும் நொறுக்கித் தின்றுவிடும். அமெரிக்கக் கண்டத்திற்குரிய இச்செடியைப் போர்த்துகீசியர் நம் நாட்டிற்குக் கொணர்ந்து 500 ஆண்டுகளே ஆகின்றன. நாத்திருத்தத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனி, நிறம். கிளியின் பசுமைக்கு ஒப்புக் கூறாத புலவர் அரியர். அவ்விறகில் பச்சைச் சாயம் இல்லை என்றால் நம்புவார் யார்? கிளிக்குலத்திற்கே உரிய மஞ்சள் நிறப்பொருள் ஒன்று அதில் உண்டு. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறச் செய்து நீலத்தைத் தருகின்றது. இவ்விரண்டும் கூடியே பச்சையாகின்றன. மஞ்சட்பொருள் இன்றிப் பிறந்த கிளி நீலமாகத் தோன்றும்.

அப்பச்சையும் நாம் காணும் பச்சையே; கிளி காணும் பச்சை வேறு. நம் கண்ணில் நிறமறியும் கூம்புகள் மூவகை. பறவையின் கண்ணில் நால்வகை. நமக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரையும் அது காணும். சென்னைக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவன பெரும்பாலும் ஆஸ்திரேலிய நாட்டுச் சிறுகிளிகளே. உண்மையில் அப்பெயருக்கு உரியவை ஆப்பிரிக்க நாட்டன. அச்சிறுகிளியின் தலையிலுள்ள மஞ்சள் இறகுகள் புற ஊதாக் கதிரை உட்கொண்டு ஒளிரும். வெயிற்காப்புப் பூச்சைத் தடவி அவ்வொளியை மறைத்தபோது, எதிர்பாலின் விருப்பமும் குறைந்தது என்று 2002இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. யாம் மீனாவின் அழகைப் புகழ்ந்ததெல்லாம், ஓவியத்தின் ஒரு வண்ணத்தைக் காணாமலே அதனைப் புகழ்ந்ததற்கு ஒக்கும்.

நாற்றவுணர்வு பறவைக்கு இல்லையென்று அறிஞர்களே நெடுங்காலம் நம்பினர். இன்று அக்கொள்கை கைவிடப்பட்டது. இதற்கு நேர்மாறாக, மனிதர் கைபட்ட குஞ்சைத் தாய் மோந்து பார்த்துத் தள்ளிவிடும் என்று நம் வீடுகளில் கூறுவர். அதுவும் சரியன்று. கீழே விழுந்த குஞ்சை எடுத்துக் கூட்டில் வைத்தால் தாய்ப்பறவை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இவ்வொரு பொய்யுரையால் மண்ணில் கிடந்து மடிந்த குஞ்சுகள் எத்துணையோ!

பேச்சைப் பற்றிக் கூறாமல் கிளியைப் பற்றிக் கூறியதாகாது. கிளிக்கு நம்மைப் போன்ற குரல்நாண்கள் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் உள்ள ஓர் உறுப்பினால் அஃது ஒலி எழுப்புகின்றது. தடித்த நாவை அசைத்து அவ்வொலியை உருவாக்குகின்றது. வசம்பு தேய்ப்பதால் வருவது கசப்பேயன்றிப் பேச்சன்று. பேச்சு பிறக்குமிடம் மூளை. பிறர் எழுப்பும் ஒலியைக் கேட்டுக் கற்கும் ஆற்றல் கிளி, பாடும் பறவை, தேன்சிட்டினும் சிறிய அமெரிக்க ரீங்காரச் சிட்டு ஆகிய மூன்று பறவைக் குலங்களிலேயே அறியப்பட்டுள்ளது. இவற்றுள்ளும், அவ்வாற்றலுக்குரிய மூளைப்பகுதியைச் சூழ்ந்து மற்றுமோர் அடுக்கு கிளிக்கு மட்டும் அமைந்திருப்பதை 2015இல் கண்டறிந்தனர். ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க அம்மையார் 1977 முதல் 2007 வரை பயிற்றிய 'அலெக்ஸ்' என்ற சாம்பற்கிளி, நிறம் எது, வடிவம் எது, எத்தனை என்னும் வினாக்களுக்குப் பொருளறிந்து விடை கூறிற்று. ஆறு வரை எண்ணவும் வல்லதாயிற்று.

கிளி பேசுவது எதற்காக? அது தனித்து வாழும் பறவையன்று. தினைப்புனத்தில் குறமகளிர் தட்டையும் தழலும் கொண்டு ஓட்டியது ஒரு கிளியையன்று, கூட்டத்தையே. அக்கூட்டத்துள் ஒன்றையொன்று இழவாதிருத்தற்கு ஒலியே துணை. வெனிசுவேலா நாட்டுச் சிறுகிளி இனமொன்றை ஆராய்ந்தோர் 2011இல் வெளியிட்ட செய்தி என்னைத் திடுக்கிடச் செய்தது. ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி அழைப்பொலி உண்டு. அதனைக் குஞ்சு தன்னைப் பேணும் பெற்றோரிடமிருந்தே பெறுகின்றது. முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தபோது, பொரிந்த குஞ்சுகளின் ஒலி வளர்த்த பெற்றோரின் ஒலியை ஒத்திருந்தது. சுருங்கச் சொல்லின், அக்கிளிகள் தம் மக்களுக்குப் பெயரிடுகின்றன. மரப்பொந்திலிருந்து பிரித்துக் கூண்டில் இட்ட கிளிக்குக் கூட்டம் இல்லை. ஆகவே வீட்டு மனிதரையே தன் கூட்டமாகக் கொண்டு, அவர்தம் ஒலியைக் கற்று, அவர்களை அழைக்கின்றது.

இதனை யான் கற்ற வேளை எங்கள் வீட்டில் பாட்டனார் இல்லை. அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன. மீனாவோ நாள்தோறும் விடியற்காலையில், அவர் திண்ணையிலிருந்து அழைக்கும் அதே குரலில், அதே நீட்டலோடு, பாட்டியைப் பெயர் சொல்லி அழைக்கும். அப்பெயரை அச்சேற்றப் பாட்டியார் ஒருப்படார்; ஆதலின் எழுதாது விடுகின்றேன். மற்றையோர் அனைவரும் அவரை அம்மா என்றும், பாட்டி என்றும், மாமி என்றும் அழைப்பவரே. பெயர் சொல்லி அழைக்கும் குரல் உலகில் அஃதொன்றே எஞ்சியிருந்தது. அழைத்த உடனே பாட்டி, "வந்தேன்" என்று விடை கூறிக்கொண்டு எழுவார்.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் வளர்ப்பதையும் குற்றம் என்கின்றன. வகுப்பில் இதனைக் கேட்ட அன்று மாலை யான் வீட்டிற்குள் நுழைந்தபோது, மீனா என் குரலிலேயே "பசிக்கிறது" என்று கத்திற்று. பல நாள் வாய் திறவாதிருந்தேன். இறுதியில், தயங்கித் தயங்கிப் பாட்டியாரிடம் கூறினேன். அவர் சினக்கவில்லை. "தாத்தா குரலையும் கொடுத்துவிடச் சொல்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தோன்றவில்லை.

சில வாரங்கள் கழிந்து, பேச்சு வேறெதிலோ தொடங்கி வெனிசுவேலாக் கிளிகளில் வந்து நின்றது. பெயரிடும் செய்தியைக் கூறினேன். பாட்டியார் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் இதற்கும் இதன் தாய் ஒரு பெயர் வைத்திருக்குமோ?"

"அது வேறினக் கிளி, பாட்டி" என்றேன்.

"வேறினமானால் என்னடா கண்ணா, தாய் தாய்தானே? என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லையென்று இதை வைத்திருக்கிறேன். இதை இதன் பெயரால் கூப்பிட இங்கே யார் இருக்கிறார்கள்?"

மறுநாள் அவரே கூண்டின் கதவைத் திறந்து வைத்தார். மீனா வெளியே வந்து, கூண்டின் கூரைமீது ஏறி, முற்றத்தின் வானத்தை ஒருபுறக் கண்ணால் நோக்கிற்று. பின்னர் உள்ளே சென்று அமர்ந்துகொண்டது. கூண்டைத் திறந்துவிட்டால் அறம் முடிந்தது என்று கருதுதலும் ஒரு பொய்ந்நம்பிக்கையே. நறுக்கிய இறகு, பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் காலத்தில் மீண்டும் வளரும். ஆனால் பறந்தறியாத தசைக்கு வலிமையும், இரை தேடியறியாத பறவைக்குத் தேர்ச்சியும் ஒரு நாளில் வாரா. அவ்வாறு விடப்பட்ட கிளி காக்கைக்கும் பூனைக்கும் இரையாகும். ஆகவே கிண்டியிலுள்ள வனத்துறையினரிடம் அதனை ஒப்புவித்தோம். பாட்டியாரும் உடன் வந்தார். திரும்பும் வழியில் வெற்றுக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாதிருந்தார்.

நண்பர்களே! உங்கள் இல்லத்தில் இத்தகைய கிளி ஒன்று இருக்குமாயின், வானில் வீசிவிடாதீர், வனத்துறையினரை நாடுமின். கிளிகளைக் காண வேண்டின், மாலையில் அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்தின் அருகே சென்று நில்லுங்கள். கிளி தானே வன்மரத்தைக் குடைய வல்லதன்று. குக்குறுவானும் மரங்கொத்தியும் குடைந்து விட்ட பொந்தையோ, முதிர்ந்த மரத்தில் இயல்பாக அமைந்த பொந்தையோ தேடிக் குடியேறும். 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் இந்நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. எஞ்சிய முதுமரங்களைக் காத்தலே கிளி வளர்க்கும் முறையென்று இன்று நான் கருதுகின்றேன்.

எங்கள் முற்றத்தில் இப்பொழுது விடியல் அமைதியாகவே வருகின்றது. ஆயினும் பாட்டியார் பழைய வேளைக்கே எழுந்துவிடுகின்றார். மாலைதோறும் மொட்டைமாடியில் துணி எடுக்கச் செல்லும்போது, கிளிக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு அடையாற்றுப் பக்கம் பறந்து செல்லும். அவற்றுள் மீனா உண்டோ என்று அவர் தேடுவதில்லை. கூட்டம் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போகின்றன" என்று கூறிக் கீழே இறங்குவார்.